முதுகைத் திருப்பிக் கேளுங்க: புதுசா வார்டுக்கு வர்ற நர்ஸுங்களுக்கு நுரையீரல் சத்தம் பத்தி

வார்டுல சேர்ந்த புதுசுல நான் பண்ணுன கூத்து ஒண்ணை சொல்லிட்டு ஆரம்பிக்கிறேன். நைட் டூட்டி, ஒரு பெரியவர் அசந்து தூங்கிட்டு இருந்தார், எழுப்ப மனசு வரல, படுத்தவாக்குல சட்டைக்கு மேலயே முன்பக்கம் ரெண்டு இடத்துல ஸ்டெத்த வச்சேன், காத்து போச்சு வந்துச்சு, சார்ட்ல 'லங்ஸ் க்ளியர்'னு எழுதிட்டு அடுத்த பெட்டுக்குப் போயிட்டேன். காலைல டாக்டர் வந்து அவரை உக்கார வச்சு முதுகுல அடிப்பக்கம் கேட்டார், கேட்டுட்டு ஸ்டெத்தோட வட்டத்தை முதுகுலருந்து எடுக்காம காதுலருந்து மட்டும் கழட்டி என் காதுல மாட்டி விட்டார். ரெண்டு பக்கமும் அடியில பொடிப்பொடியா நறநறன்னு கேக்குது. ராத்திரி பூரா ட்ரிப்ஸ் ஓடிட்டு இருந்த மனுஷன். அவர் திட்டவே இல்ல, "ராத்திரி எங்க வச்சுக் கேட்டீங்க சிஸ்டர்?"னு மட்டும் கேட்டார், எனக்கு வாயே வரல.

படிக்கிறப்ப நமக்கு சத்தத்தோட பேரெல்லாம் மனப்பாடம் ஆயிடும், வார்டுக்கு வந்ததும் இது க்ராக்கிள்ஸா (நறநறங்கிற சத்தம்) ராங்கையா (குறட்டை மாதிரி சத்தம்)ன்னு தெரியலயே, தப்பா சொல்லிட்டா என்ன நினைப்பாங்கன்னு அதே பயமா இருக்கும். நான் பார்த்தவரைக்கும் பேரைத் தப்பா சொன்னதால வந்த பிரச்சனை கம்மி, கேக்க வேண்டிய இடத்துல கேக்காம விட்டதால வந்ததுதான் ஜாஸ்தி. அதனால இதுல பேரைப் பின்னாடி வச்சுக்கிறேன், எங்க வைக்கணும், எப்படி வைக்கணும், எதை எதோட ஒப்பிடணும்கிறதுதான் முதல்ல.

ஸ்டெத்த எடுக்கிறதுக்கு முன்னாடி

பெட் பக்கத்துல போனதும் ஸ்டெத்த கழுத்துலயே விட்டுட்டு ஆளைப் பாருங்க. ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காம பேசுறாரா, இல்ல ரெண்டு வார்த்தைக்கு ஒரு தடவை நிறுத்துறாரா. கழுத்து தசை ஒவ்வொரு மூச்சுக்கும் இழுத்துட்டு நிக்குதா, விலா எலும்புக்கு நடுவுல குழி விழுதா, முன்னாடி சாஞ்சு முட்டியில கையை ஊன்றிட்டு உக்காந்திருக்காரா, உதடு நீலம் பாஞ்சிருக்கா, நெஞ்சு ரெண்டு பக்கமும் ஒரே அளவுக்கு ஏறி இறங்குதா. இதுல பாதி விஷயம் கதவுல நின்னாலே தெரிஞ்சிடும்.

மூச்சை எண்ணுறப்ப எண்ணுறேன்னு சொல்லாதீங்க, சொன்ன அடுத்த நொடி அவங்க மூச்சே மாறிடும். பல்ஸ் பார்க்கிற மாதிரி மணிக்கட்டைப் பிடிச்சிட்டே நெஞ்சைப் பாருங்க, ஒரு முழு நிமிஷம். பெரியவங்களுக்கு நிமிஷத்துக்கு 12ல இருந்து 20 வரைக்கும் நார்மல், பச்சைக் குழந்தைக்கு 30ல இருந்து 60. பதினஞ்சு செகண்ட் எண்ணி நாலால பெருக்குற பழக்கம் எல்லாருக்கும் உண்டு, எனக்கும் இருந்துச்சு, ஒரு மூச்சு விட்டுப்போனா நாலு விட்டுப்போகும்கிறதை யோசிச்சா அந்தப் பழக்கம் போயிடும். கூடவே ஆக்சிஜன் எத்தனை லிட்டர்ல ஓடுது, மாஸ்க்கா மூக்குக் குழாயா, சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல ஆக்சிஜன் அளவு, எவ்வளவு, இருமல் இருக்கா, சளி என்ன கலர்னு பார்த்து வச்சுக்கங்க, அப்புறம் காதுல கேக்குற சத்தத்துக்கு அர்த்தம் குடுக்கிறது இதெல்லாம்தான்.

ஸ்டெத்தைப் பத்தி நாலு விஷயம்

காதுல மாட்டுறப்ப இயர்பீஸ் முன்பக்கமா, மூக்கைப் பார்த்த மாதிரி சாஞ்சிருக்கணும், காதுத் துவாரம் அந்தத் திசையிலதான் போகுது. திருப்பி மாட்டிட்டு 'எனக்கு ஒண்ணுமே கேக்கலயே'னு முழிச்ச ஆளுங்க நிறைய. ரெண்டு பக்கம் உள்ள ஸ்டெத்தா இருந்தா எந்தப் பக்கம் திறந்திருக்குன்னு டயஃப்ரத்தை, அதாவது பெரிய தட்டைப் பக்கத்தை, விரல் நுனியில லேசா தட்டிப் பாருங்க, டொக்குனு கேட்டா சரி, கேக்கலன்னா தலையைத் திருகி விடுங்க. நுரையீரல் சத்தத்துக்கு பெரும்பாலும் டயஃப்ரம் பக்கம்தான், அதுவும் தோல் மேல நல்லா அழுந்தி உக்காரணும், எடுத்தா லேசா வட்டத் தடம் தெரியணும். பெல், அதாவது சின்ன கிண்ணம் மாதிரி பக்கம், இல்லாம ஒரே பக்கம் மட்டும் வர்ற ஸ்டெத்துல லேசா வச்சா தாழ்ந்த சத்தம், அழுத்தி வச்சா உயர்ந்த சத்தம், அதுலயும் லங்ஸுக்கு அழுத்தித்தான்.

ஒல்லியா எலும்பு தெரியிற ஆளுக்கு பெரிய டயஃப்ரம் ரெண்டு விலா மேல பாலம் போட்ட மாதிரி நின்னுடும், நடுவுல காத்து, ஒண்ணும் கேக்காது. அப்ப குழந்தைங்களுக்கு வச்சிருக்கிற சின்ன சைஸை எடுங்க, இல்லன்னா பெல்லை நல்லா அழுத்தி வைங்க. வைக்கிறதுக்கு முன்னாடி உள்ளங்கையில ஒரு தடவை தேய்ச்சு சூடாக்கிடுங்க, ஜில்லுனு பட்டா மூச்சை இழுத்துப் பிடிச்சிடுவாங்க. ஒவ்வொரு பேஷண்ட்டுக்கும் நடுவுல 70 சதவீத ஆல்கஹால் வைப்பால துடைக்கிறது கைகழுவுற மாதிரி, அதுக்கு விளக்கம் தேவையில்ல.

டிவியை அணைக்கச் சொல்லுங்க, பக்கத்துல சளி உறிஞ்சுற சக்ஷன் ஓடுனா முடியட்டும்னு இருங்க. ஆனா சத்தம் கேக்குதேன்னு ஆக்சிஜனை மட்டும் நிறுத்திடாதீங்க. ஆக்சிஜனை ஈரமாக்குற ஹ்யூமிடிஃபயர் பாட்டில்ல குமிழி விடுற சத்தம் நெஞ்சு வரைக்கும் வரும், அது எப்படி இருக்கும்னு ஒரு தடவை காதைக் குடுத்துத் தெரிஞ்சுக்கிட்டா அப்புறம் ஏமாற மாட்டீங்க.

இங்க ஒரு சின்னக் கதை. 1816ல பாரிஸ்ல லென்னக்னு ஒரு டாக்டர், அதுவரைக்கும் எல்லாரும் பேஷண்ட் நெஞ்சுல நேரா காதை வச்சுத்தான் கேட்டாங்க, இவர்கிட்ட வந்தது ஒரு இளம்பெண், காதை வைக்கத் தயங்கி ஒரு பேப்பரைச் சுருட்டிக் குழாய் மாதிரி வச்சுக் கேட்டார், நேரா கேட்டதை விடத் தெளிவா கேட்டுச்சு. அப்புறம் அதையே மரத்துல செஞ்சு, 1819ல கேட்டதையெல்லாம் புத்தகமா போட்டார். நாம இன்னைக்கு சொல்ற பேர்ல பாதி அவர் வச்சதுதான். அவர் முதல்ல 'ரால்'னு ஒரு பிரெஞ்சு வார்த்தையைத்தான் எழுதினார், சாகப்போறவங்க தொண்டையில வர்ற சத்தத்துக்கும் ஊர்ல அதே வார்த்தை, பேஷண்ட் காதுல விழுந்தா பயந்துடுவாங்கன்னு பெட் பக்கத்துல பேசுறப்ப 'ராங்கஸ்'னு லத்தீன்ல சொன்னார், பின்னாடி வந்தவங்க ரெண்டையும் வேற வேற சத்தமாக்கிட்டாங்க. அதனால ஒரு சீனியர் க்ரெப்ஸ்ங்கிறார், இன்னொருத்தர் க்ராக்கிள்ஸ்ங்கிறார், பழைய ஆளுங்க ரேல்ஸ்ங்கிறாங்க, மூணும் ஒண்ணுதான், குழம்பாதீங்க.

உக்கார வைக்கிறதுலயே பாதி வேலை

முடிஞ்சவரைக்கும் நிமிர்ந்து உக்காரணும், பெட் ஓரத்துல காலைத் தொங்கப் போட்டா இன்னும் நல்லது. முதுகைக் கேக்கிறப்ப ரெண்டு கையையும் நெஞ்சுக்குக் குறுக்கா மடக்கி எதிர்த் தோளைப் பிடிச்சுக்கிட்டு லேசா முன்னாடி குனியச் சொல்லுங்க, தோள்பட்டை எலும்பு ரெண்டும் விலகி நடுவுல இடம் கிடைக்கும். இதைச் செய்யாம வச்சா எலும்பு மேல வச்சுட்டு சத்தம் கம்மியா இருக்குன்னு எழுதுவீங்க.

சட்டைக்கு மேல வேண்டாம், ஒரு மெல்லிய துணிகூட உரசுனா அது அச்சு அசலா க்ராக்கிள்ஸ் மாதிரிதான் கேக்கும். ஸ்க்ரீனை இழுத்து விட்டு, கேக்குற இடம் மட்டும் தெரியிற மாதிரி விலக்குங்க. பெண்களுக்கு முன்பக்கம் கேக்குறப்ப மார்பை அவங்களையே லேசா தூக்கிப் பிடிச்சுக்கச் சொல்லிட்டு அடியில வைக்கலாம், கூச்சம் பார்த்து அந்த இடத்தை விட்டுட்டா வலது பக்கம் நடு லோப் (நுரையீரலோட ஒரு பிரிவு) மொத்தமா விட்டுப்போகும். என்ன பண்ணப் போறேன்னு முன்னாடியே சொல்லிட்டா யாரும் தப்பா நினைக்கிறதில்ல.

"அம்மா, வாயைத் திறந்து, கொஞ்சம் ஆழமா, அவசரப்படாம மூச்சு விடுங்க, சத்தம் போட வேண்டாம்"னு சொல்லி நீங்களே ஒரு தடவை செஞ்சு காட்டுங்க. மூக்கால விட்டா மூக்குச் சத்தம் கலந்து வரும். சில பேர் ரொம்ப ஒத்துழைக்கிறேன்னு தொண்டையில 'ஹ்ஹா ஹ்ஹா'ன்னு சத்தமா விடுவாங்க, அதுவும் நெஞ்சுல எதிரொலிக்கும். சில பேர் உங்க வேகத்துக்கு ஈடு குடுக்கணும்னு மடமடன்னு இழுப்பாங்க, நாலஞ்சு இடம் போறதுக்குள்ள தலை சுத்தும், விரல் மரத்துப்போகும், கார்பன் டை ஆக்சைடு ஜாஸ்தியா வெளிய போறதால வர்றது அது. "தலை சுத்துனா சொல்லுங்க, நிறுத்திக்கலாம்"னு முதல்லயே சொல்லிடுங்க, நடுவுல ரெண்டு மூச்சு சாதாரணமா விடச் சொல்லுங்க.

எங்கெங்க வைக்கணும்

இதை மட்டும் பொறுமையா படிங்க. வலது நுரையீரலுக்கு மூணு லோப், இடதுக்கு ரெண்டு. முன்பக்கம் வச்சா உங்க காதுல விழுறது பெரும்பாலும் மேல் லோப்தான், வலது பக்கம் கூட நடு லோப். கீழ் லோப் கிட்டத்தட்ட முழுசா முதுகுப் பக்கம்தான் இருக்கு. படுத்தே கிடக்கிறவங்களுக்கு சளி தேங்குறது, இதயம் சரியா பம்ப் பண்ணாம தண்ணி சேர்றது, ஆபரேஷன் முடிஞ்சவங்களுக்கு நுரையீரல் சுருங்கிப்போறது எல்லாம் முதல்ல காட்டுறது அந்த அடிப்பக்கத்துலதான். நான் அன்னைக்கு விட்டது அதைத்தான்.

முதுகுல ஆரம்பிங்க. தலையைக் குனியச் சொன்னா கழுத்து முடியிற இடத்துல ஒரு எலும்பு துருத்திட்டுத் தெரியும், அதுதான் ஏழாவது கழுத்தெலும்பு. அதுக்குக் கொஞ்சம் பக்கவாட்டுல, தோள்பட்டை எலும்புக்கு மேல, இடது ஒரு தடவை, வலது ஒரு தடவை. அடுத்து தோள்பட்டை எலும்புக்கும் முதுகெலும்புக்கும் நடுவுல, மறுபடியும் இடது, வலது. அப்படியே ஒரு கை அளவு இறங்கி இன்னொரு ஜோடி. தோள்பட்டை எலும்போட கீழ் முனை ஏறக்குறைய ஏழாவது விலா கிட்ட நிக்கும், அதுக்குக் கீழ வந்துட்டா தாராளமா பக்கவாட்டுல விரிஞ்சு கேக்கலாம். அடி எல்லை, கழுத்தெலும்பு ஏழை விட்டுட்டு எண்ணுனா, பத்தாவது முதுகெலும்பு கிட்ட, ஆழமா இழுத்தா பன்னெண்டாவது வரைக்கும் இறங்கும். அதுக்கும் கீழ வச்சுட்டு 'மூச்சு சத்தம் இல்ல'ன்னு பதறுனவங்களும் உண்டு, அங்க இருக்கிறது நுரையீரலே இல்ல.

மேலருந்து கீழ வரைக்கும் ஒரு பக்கம் முடிச்சுட்டு அப்புறம் அடுத்த பக்கம்னு போகாதீங்க. ஏணிப்படி மாதிரி, ஒரே மட்டத்துல இந்தப் பக்கம் அந்தப் பக்கம், அப்புறம் ஒரு படி கீழ. நம்ம காதுக்கு ஞாபகசக்தி ரொம்பக் கம்மி, பத்து செகண்ட் முன்னாடி கேட்டதை வச்சுக்கூட 'இது அதை விட மெல்லிசா இருக்கா'ன்னு சொல்லத் தடுமாறும், ஒரு நிமிஷம் ஆச்சுன்னா கேக்கவே வேண்டாம். அந்த பேஷண்ட்டோட ஒரு பக்கத்துக்கு அளவுகோல் அவரோட இன்னொரு பக்கம்தான். குண்டா இருக்கிறவருக்கு எங்கயுமே மெல்லிசாத்தான் கேக்கும், ஒல்லியானவருக்கு எங்கயுமே சத்தமா கேக்கும், ரெண்டும் நார்மல்தான், ஒரு பக்கம் மட்டும் வேற மாதிரி கேட்டாத்தான் நிக்கணும்.

அப்புறம் அக்குளுக்கு நேர் கீழ, பக்கவாட்டுல ரெண்டு மட்டம், எட்டாவது விலா வரைக்கும் நுரையீரல் உண்டு. இதைத்தான் எல்லாரும் தாண்டிப் போறாங்க, கை தூக்கச் சொல்ல சோம்பல். கடைசியா முன்பக்கம். காறை எலும்புக்கு மேல ஒரு குழி இருக்கும், நுரையீரலோட உச்சி அங்க எட்டிப் பாக்குது, அங்க சின்ன பக்கத்தை வச்சுக் கேளுங்க. விலா எண்ணத் தெரியலன்னா தொண்டைக்குழியிலருந்து நெஞ்செலும்பு மேல விரலைக் கீழ இறக்குங்க, ஒரு சின்ன மேடு தட்டும், அதுக்கு நேர் பக்கத்துல வந்து ஒட்டுறது ரெண்டாவது விலா, அதுக்குக் கீழ இருக்கிற பள்ளம் ரெண்டாவது இடைவெளி. அங்க ஒரு ஜோடி, நாலாவது இடைவெளியில ஒரு ஜோடி. ஆறாவது விலாவோட முன்பக்கம் எல்லை முடிஞ்சிடும். இடது பக்கம் இதயம் தடதடக்கும், கொஞ்சம் வெளிய தள்ளி வைங்க.

ஒவ்வொரு இடத்துலயும் ஒரு முழு மூச்சு. உள்ள போறதும் வெளிய வர்றதும். உள்ள போறதைக் கேட்டுட்டு ஸ்டெத்த எடுத்துட்டுப் போற வேகம்தான் வீஸை, அதாவது விசில் மாதிரி சத்தத்தை, தவற விட வைக்கும், ஏன்னா அது பெரும்பாலும் வெளிய விடுறப்ப, அதுவும் கடைசியிலதான் வரும்.

என்ன கேக்குதுன்னு

ஸ்டெத்த வச்சதும் பேர் தேடாதீங்க. காத்து உள்ள போகுதா, எதிர்ப் பக்கம் மாதிரியே போகுதா, உள்ள போறது நீளமா வெளிய வர்றது நீளமா, காத்துச் சத்தத்துக்கு மேல வேற ஏதாவது சத்தம் ஒட்டிட்டு வருதா. இதுக்குப் பதில் சொன்னாலே முக்காவாசி முடிஞ்சது.

நார்மல் சத்தம் இடத்துக்கு இடம் மாறும். நுரையீரலோட பெரும்பகுதியில மரத்துல காத்து அடிக்கிற மாதிரி மெத்துன்னு இருக்கும், உள்ள போறது நீளம், வெளிய வர்றது குறைவா கேட்டு அடங்கிடும், இதுதான் வெசிகுலர். நெஞ்செலும்புக்கு மேல்பாகத்துல வச்சா குழாய்ல ஊதுற மாதிரி கரகரப்பா, வெளிய வர்றது நீளமா, நடுவுல ஒரு சின்ன இடைவெளியோட, அது ப்ராங்கியல். தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவுலயும், முன்பக்கம் முதல் ரெண்டு இடைவெளியில நெஞ்செலும்பு ஓரத்துலயும் ரெண்டுக்கும் நடுவாந்திரமா இருக்கும். எது எங்க கேக்கணும்கிறதுதான் விஷயம். அந்தக் குழாய்ச் சத்தம் முதுகு அடியில ஒரு பக்கம் மட்டும் கேட்டுச்சுன்னா அங்க நுரையீரல் பஞ்சு மாதிரி இல்லாம கெட்டியாயிடுச்சுன்னு அர்த்தம், நிமோனியாவுல பார்க்கிறது. சந்தேகம்னா அந்த இடத்துல ஸ்டெத்த வச்சுட்டு "ஈஈ"ன்னு இழுக்கச் சொல்லுங்க, கெட்டியான இடத்துல அது "ஏஏ"ன்னு மாறிக் கேக்கும். முதல் தடவை கேட்டப்ப அந்தம்மா தப்பா சொல்றாங்கன்னு நினைச்சு "ஏ இல்லம்மா, ஈ சொல்லுங்க"ன்னு ரெண்டு தடவை திருத்துனேன்.

ஒட்டிட்டு வர்ற சத்தங்கள்ல முதல்ல க்ராக்கிள்ஸ். காதுக்குப் பக்கத்துல ரெண்டு மூணு முடியை விரலுக்கு நடுவுல வச்சு உருட்டிப் பாருங்க, இப்பவே பண்ணுங்க, அதுதான் ஃபைன் க்ராக்கிள்ஸ், மூச்சை இழுக்கிறப்ப கடைசிப் பாதியில பொடிப்பொடியா வெடிக்கும். நுரையீரல் தழும்பாகிப்போன சில பேஷண்ட்டுக்கு வெல்க்ரோ பட்டையை மெதுவா பிரிக்கிற மாதிரியே கேக்கும். கோர்ஸ் க்ராக்கிள்ஸ் பெருசு பெருசா, தண்ணியில ஸ்ட்ரா விட்டு ஊதுற மாதிரி, இழுக்க ஆரம்பிச்சதுமே வரும், சளி இருக்கிற இடம். கேட்டதும் ஒரு தடவை இருமச் சொல்லிட்டு மறுபடி அதே இடத்துல கேளுங்க. போயிடுச்சா, குறைஞ்சுதா, அப்படியே இருக்கான்னு எழுதுறது பெரிய தகவல், தண்ணி கோர்த்ததால வர்றது இருமிப் போகாது. இன்னொண்ணு, ரொம்ப நேரம் படுத்திருந்த வயசானவங்களுக்கு முதல் ரெண்டு மூச்சுல அடியில கொஞ்சம் க்ராக்கிள்ஸ் கேட்டு, நாலஞ்சு தடவை ஆழமா இழுத்ததும் காணாமப் போயிடும், சுருங்கிக் கிடந்த காத்துப்பைங்க திறக்கிற சத்தம் அது.

வீஸ் விசில் மாதிரி, ராங்கை குறட்டை மாதிரி, ரெண்டும் இழுத்துட்டே இருக்கும், க்ராக்கிள்ஸ் மாதிரி விட்டு விட்டு வெடிக்காது. ராங்கை பெரும்பாலும் பெரிய குழாய்ல சளி, இருமுனா இடம் மாறும் இல்ல போயிடும். வீஸ் ரெண்டு பக்கமும் பல இடத்துல வேற வேற ராகத்துல கேட்டா ஆஸ்துமா மாதிரி குழாய் சுருங்குன கேஸ். ஒரே இடத்துல, ஒரே சுருதியில, எப்பக் கேட்டாலும் மாறாம ஒரு விசில் கேட்டா அங்க ஏதோ அடைச்சிருக்குன்னு சந்தேகப்படணும், குழந்தைன்னா எதையாவது விழுங்கி மூச்சுக்குழாய்ல போயிருக்கலாம்.

ப்ளூரல் ரப் அபூர்வமாத்தான் வரும். புது தோல் செருப்பு போட்டு நடக்கிற மாதிரி கீச்சு கீச்சுன்னு, இழுக்கிறப்பவும் விடுறப்பவும், அதே இடத்துல வலியும் இருக்கும், இருமுனாலும் மாறாது. மூச்சை ஒரு செகண்ட் நிறுத்தச் சொல்லுங்க, சத்தமும் நின்னா நுரையீரல் உறையோடது, நிக்காம இதயத்துடிப்போட போய்ட்டே இருந்தா இதய உறையோடது.

சத்தம் இல்லாததும் ஒரு சத்தம்தான். ஒரு பக்கம் அடியில மட்டும் காத்தே போகலன்னா உறைக்குள்ள தண்ணி இருக்கலாம், ஒரு பக்கம் முழுக்க திடீர்னு போயிடுச்சுன்னா, அதுவும் கழுத்துல லைன் போட்டப்புறமோ நெஞ்சுலருந்து தண்ணி எடுத்தப்புறமோ, காத்து வெளிய கசிஞ்சு நுரையீரல் அமுங்கியிருக்கலாம். ஓடுறதுக்கு முன்னாடி ஹிஸ்டரியை ஒரு பார்வை பாருங்க, ஒரு பக்க நுரையீரலையே ஆபரேஷன்ல எடுத்த பேஷண்ட்டுக்கு அந்தப் பக்கம் சத்தம் இல்லன்னு ஒரு ஜூனியர் வார்டையே கூட்டுனதைப் பார்த்திருக்கேன், நல்ல மனசுதான் பாவம்.

ஏமாத்துற சத்தங்கள்

நெஞ்சுல முடி இருந்தா டயஃப்ரத்துக்கு அடியில உரசி சுத்தமான க்ராக்கிள்ஸ் குடுக்கும். இன்னும் அழுத்தி வைங்க, இல்லன்னா அந்த இடத்தைத் தண்ணியால லேசா நனைச்சுட்டு வைங்க, போயிடும். ட்யூப் பெட் கம்பியில உரசுறது, உங்க ஐடி கார்டு ட்யூப்ல தட்டுறது, பேஷண்ட் குளிர்ல நடுங்குறது, இடது பக்கம் அடியில வயித்துச் சத்தம், எல்லாம் கேக்கும். சந்தேகம் வந்தா ஒரு கேள்வி போதும், இந்தச் சத்தம் மூச்சோட சேர்ந்து வருதா? மூச்சு நின்னாலும் கேட்டா நுரையீரல் இல்ல. வென்டிலேட்டர் பேஷண்ட்டுக்கு ட்யூபிங்ல தேங்குன தண்ணி குலுங்குறது ரெண்டு பக்கமும் கோர்ஸ் க்ராக்கிள்ஸ் மாதிரி கேக்கும், முதல்ல அந்தத் தண்ணியை பேஷண்ட் பக்கம் போகாம வடிச்சுட்டு மறுபடி கேளுங்க.

எல்லாரும் நிமிர்ந்து உக்கார மாட்டாங்க

உக்கார முடியாதவங்களைத் துணைக்கு ஒருத்தரைக் கூப்பிட்டு ஒரு பக்கமா திருப்பிக் கேளுங்க, அப்புறம் அடுத்த பக்கம். படுக்கைப் பக்கம் இருக்கிற நுரையீரல் அமுங்கியிருக்கிறதால சத்தம் மாறிக் கேக்கும், அதை வச்சு முடிவு பண்ணாதீங்க. திருப்பவே கூடாத கேஸ்னா மெத்தையைக் கையால அமுக்கிட்டு முதுகுக்கு அடியில ஸ்டெத்த நுழைச்சாவது அடிப்பக்கத்தைக் கேளுங்க. எப்படியும் பெட்ஷீட் மாத்தவோ முதுகு துடைக்கவோ திருப்பத்தான் போறீங்க, ஸ்டெத்த கழுத்துல போட்டுட்டே போனா ஒரே வேலையா முடியும். நாலு மூச்சுக்கு மேல விட சக்தி இல்லாதவர்னா அடிப்பக்கத்தை முதல்ல கேட்டுடுங்க, மேலருந்து வர்ற ஒழுங்கெல்லாம் தெம்பு இருக்கிறவங்களுக்கு.

குழந்தைன்னா அம்மா மடியிலயே இருக்கட்டும், தூங்குனா எழுப்பாதீங்க, டெம்பரேச்சர் பாக்கிறதுக்கு முன்னாடியே கேட்டுடுங்க, அழ ஆரம்பிச்சா அழுகைக்கு நடுவுல இழுக்கிற அந்த ஒரு பெரிய மூச்சுதான் உங்களுக்குக் கிடைச்ச சான்ஸ். மூக்கடைப்புச் சத்தம் சின்ன நெஞ்சு பூரா கேக்கும், ஸ்டெத்த மூக்குக்கிட்ட பிடிச்சுப் பாருங்க, அங்க அதே சத்தம் இன்னும் பலமா கேட்டா மேலருந்து வர்றதுதான்.

வாய்வழியா ட்யூப் போட்ட பேஷண்ட்டுக்கு இடது பக்கம் திடீர்னு கம்மியாச்சுன்னா முதல்ல ட்யூப் எத்தனை சென்டிமீட்டர்ல நிக்குதுன்னு உதட்டுக்கிட்ட பாருங்க. வலது மெயின் ப்ராங்கஸ் அகலமும் ஜாஸ்தி, நேரா இறங்கவும் செய்யுது, ட்யூப் உள்ள நழுவுனா அங்கதான் போகும். காதால கேட்டது மட்டும் உறுதி இல்ல, வெளிய வர்ற கார்பன் டை ஆக்சைடை அளக்குற கேப்னோகிராஃபும் எக்ஸ்ரேவும் இருக்கு, ஆனா முதல்ல கண்டுபிடிக்கிறது பெரும்பாலும் நம்ம காதுதான்.

எப்பக் கூப்பிடணும்

ஸ்ட்ரைடர், அதாவது மூச்சை இழுக்கிறப்ப கழுத்துல பலமா கேக்குற கரகர விசில், இதுக்கு ஸ்டெத்தே வேண்டாம், கேட்ட நிமிஷம் ஆளைக் கூப்பிடுங்க. அதே மாதிரி ஆஸ்துமா பேஷண்ட் கஷ்டப்பட்டு இழுக்கிறார், ஆனா நெஞ்சுல வீஸும் இல்ல காத்தும் இல்லன்னா அது குணமானது கிடையாது, காத்து போகவே வழியில்லாம போச்சு, சைலண்ட் செஸ்ட்னு சொல்றது இதைத்தான். நெபுலைசர் குடுத்தப்புறம் வீஸ் முன்னை விட சத்தமா கேட்டா சில நேரம் அது நல்ல சேதி, காத்து ஓட ஆரம்பிச்சிருக்கு. ட்ரிப்ஸ் போற பேஷண்ட்டுக்கு முன்னாடி இல்லாத க்ராக்கிள்ஸ் அடியில வந்தா சொட்டு வேகத்தைப் பாருங்க, உள்ள எவ்வளவு போச்சு வெளிய எவ்வளவு வந்துச்சுன்னு கணக்குப் பாருங்க, அதையும் சேர்த்து டாக்டர்கிட்ட சொல்லுங்க. 'ஏதோ சத்தம் கேக்குது டாக்டர்'னு சொன்னா 'வர்றேன்'னு மட்டும்தான் பதில் வரும். 'எட்டு மணிக்கு இல்லாத க்ராக்கிள்ஸ் இப்ப ரெண்டு பக்கமும் பாதி முதுகு வரைக்கும் கேக்குது, இருமுனாலும் போகல, மூச்சு 18லருந்து 28 ஆச்சு, சாச்சுரேஷன் 96லருந்து 90'னு சொல்லிப் பாருங்க, அவர் ஃபோன்ல பேசிட்டே நடக்க ஆரம்பிச்சிருப்பார்.

எழுதுறது

நோயோட பேரை எழுதாதீங்க, 'நிமோனியா மாதிரி இருக்கு'ன்னு எழுதுறது நம்ம வேலை இல்ல. எந்த இடம், எந்தப் பக்கம், இழுக்கிறப்பவா விடுறப்பவா, இருமுனதும் என்னாச்சு, எந்த நிலையில கேட்டீங்க. 'வலது பக்கம் முதுகு அடியில கோர்ஸ் க்ராக்கிள்ஸ், இழுக்க ஆரம்பிக்கிறப்ப, இருமுனதும் குறைஞ்சுது, மத்த இடமெல்லாம் வெசிகுலர், ரெண்டு பக்கமும் சமம், உக்கார வச்சு கேட்டது.' இவ்வளவுதான். பேர் நிச்சயமா தெரியலன்னா 'குறட்டை மாதிரி தாழ்ந்த சத்தம்'னே எழுதுங்க, அடுத்த ஷிஃப்ட் ஆளுக்கு அது புரியும். முன்பக்கம் மட்டும்தான் கேக்க முடிஞ்சுதுன்னா 'முன்பக்கம் மட்டும் கேட்டது, திருப்ப முடியல'ன்னு எழுதுங்க, அதுல எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்ல. நான் அந்த ராத்திரி அப்படி ஒரு வரி எழுதியிருந்தா காலைல முழிச்சிருக்க மாட்டேன், அதை விட முக்கியம், நைட்லயே இன்னொருத்தராவது அவரைத் திருப்பிப் பார்த்திருப்பாங்க.

பழகுறதுக்கு ஒண்ணு சொல்றேன். நல்லா இருக்கிறவங்க நெஞ்சை நிறையக் கேளுங்க, வீட்ல இருக்கிறவங்க, ஹாஸ்டல் ரூம்மேட், உங்க நெஞ்சு, நார்மல் காதுல ஊறிட்டா மத்ததெல்லாம் தானா துருத்திட்டுத் தெரியும். அப்புறம் ஹேண்ட்ஓவர் நேரத்துல, சொல்லிடாம, ஒரே பேஷண்ட்டை நீங்களும் அடுத்த ஷிஃப்ட் சிஸ்டரும் தனித்தனியா கேட்டு ஆளுக்கொரு துண்டுப் பேப்பர்ல எழுதி மாத்திப் பாருங்க. ஒத்துப்போகலன்னா ரெண்டு பேருமா திரும்பப் போய், பேஷண்ட் முதுகுல அதே இடத்துல வச்சு, ஸ்டெத்த ஒருத்தர் காதுலருந்து இன்னொருத்தர் காதுக்கு மாத்திக் கேளுங்க.